ஈர்க்குச்சி அளவு

மூன்று மகன்களையும் கடைக்கு இழுத்துக்கொண்டு அலைய பேச்சித்தாயால் முடியாது. காலையில் அவர்களை வரிசையாக நிற்கவைத்து, துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை அளந்து ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

செருப்புக்கடைக்காரர் முதல் இரண்டு குச்சிகளையும் செருப்புக்குள் கிடத்திப் பார்த்து, சின்னவனுக்கும் நடுவுள்ளவனுக்கும் எடுத்துவைத்தார். மூன்றாவது குச்சி எதிலும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல்தட்டிலிருந்து ஒரு ஜோடியை இறக்கினார்.

"ஒம்பதாம் நம்பர்லா வருது. வீட்டுக்காரருக்கா, அக்கா?"

"அவுக எறந்து மூணு வருசமாச்சு. இது மூத்தவனுக்கு. பதினஞ்சு வயசு."

"நல்ல வளத்திதான்."

பேச்சித்தாய் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் குறுக்குக் கோடுகள், குதிகாலில் ஒன்பது. கணவனின் செருப்பிலும் இதே எண்தான். அதை அவன் காலில் பார்த்ததைவிடக் கையில் பார்த்ததுதான் அதிகம். முந்தாநாள் தம்பியை அடிப்பதற்காக மூத்தவன் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினான். அந்தக் குனிவும் அவள் பார்த்துப் பழகியதுதான்.

"எட்டு குடுங்க."

"எட்டு கடிக்கும்கா. காலு புண்ணாயிரும்."

அவள் அவரிடமிருந்து குச்சியை வாங்கினாள். நுனியில் ஒரு நக அளவு ஒடித்துக் கீழே போட்டாள். மிச்சத்தை அவரிடம் நீட்டினாள்.

"இப்ப வச்சுப் பாருங்க."