குரல் இருக்கும் இடம்

“இருக்குங்கய்யா! சிலம்பரசன் குரலு இங்கதான் இருக்கு!”

சிலம்பரசனோடு வேலை பார்த்த ஹேமலதா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கூவியதும் அவன் அப்பா இராமதாஸ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வாட்ச்மேன் வேலை முடிந்த உடுப்போடு தட்டாஞ்சாவடியில் மகன் வேலை பார்த்த கம்பெனிக்கு நேரே வந்திருந்தார் மனுஷர். பைக் விபத்தில் போன மகனின் குரலை அவன் அம்மாவுக்கு ஒரு தடவை கேட்கவைக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“படுத்தவ எழுந்திரிக்கவே இல்லம்மா. புள்ள பேசுறத ஒரு வாட்டி கேட்டுட்டா, ரெண்டு வாய் சோறு சாப்டுவா.”

“போன்ல எதுவும் இல்லீங்களா?”

“போனும் அவன்கூடவே போயிடுச்சும்மா.”

விபத்தில் நொறுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். துருவிக் கேட்க மனசு வரவில்லை.

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஆப்புக்காக சிலம்பரசன் தன் குரலிலேயே ஒரு மணி நேரம் பதிவு செய்திருந்தான். அந்த ஃபைலை ஆசையாகத் திறந்தாள். குரல் வரவில்லை. மூன்று வரி எழுத்துதான் வந்தது.

எல்லோர் வேலையும் வந்து சேரும் ரெப்போ என்கிற பொதுக் கிடங்கில் இவ்வளவு பெரிய ஃபைலை அப்படியே போடுவதில்லை. போட்டால் எல்லோருடைய கம்ப்யூட்டரும் திணறிப்போகும். அங்கே இருப்பது, கோயில் வாசலில் செருப்பை விட்டால் தருவார்களே, அந்த டோக்கன் மாதிரி ஒரு சீட்டுதான். சரக்கு, அதாவது குரல் பதிவு, தனி சர்வரில் இருக்க வேண்டும்.

சர்வரில் தேடினாள். இல்லை. பாவி, எந்த அவசரத்தில் இருந்தானோ, சீட்டை மட்டும் அனுப்பிவிட்டு சரக்கை ஏற்றாமலே கிளம்பியிருக்கிறான்.

“இல்லியாம்மா?” இராமதாஸ் திரையை எட்டிப் பார்த்தார்.

ஹேமலதா அந்த மூன்று வரியை மறுபடி பார்த்தாள். சட்டென்று அவள் முகம் தெளிந்தது.

“ஐயோ, அழாதீங்கய்யா! சீட்டு இங்க வந்திருக்குன்னா, சரக்கு அவரு லேப்டாப்புல பத்திரமா இருக்குன்னு அர்த்தம். சொந்த லேப்டாப்புலதானே வேலை பாத்தாரு? அத எடுத்தாந்து குடுங்க, உடனே எடுத்துத் தர்றேன். அம்மா இன்னிக்கே கேக்கலாம்!”

இராமதாஸ் வாசல் பக்கம் போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஆசையா வாங்குனதாச்சேன்னு, புதைக்கிறப்போ குழில அவன் தலமாட்டுல நான்தாம்மா வச்சேன்.”