பதினோராம் எண் டிஸ்க்

"சார், பதினோராம் நம்பர் டிஸ்க் இன்னிக்கும் சிவப்பு காட்டுது. இது அஞ்சாவது வாரம்!"

மேலாளர் பர்ரான்தெஸ் கோக்கா இலைத் தேநீரை உறிஞ்சினார். "தெரியும்மா. உன் அறிக்கையை வாராவாரம் வரி விடாமப் படிக்கிறேன்ல?"

"படிச்சா போதுமா? புது டிஸ்க் அனுப்புங்க. இல்லேன்னா அதுல இருக்கறதை வேற மிஷினுக்கு மாத்தவாவது விடுங்க."

"சுரங்கத்து ஃபைலை நாம தொடக் கூடாது, ஒப்பந்தம் அப்படி. மலைப்பாதை வேற மழையில அடைச்சுக் கிடக்கு. பாக்கலாம்."

எடெல்மிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலை உச்சிச் சுரங்கத்தில் ஓடும் பன்னிரண்டு கணினிகளின் நாடியை, எட்டு மணி நேரப் பயணம் தள்ளி, பெரு நாட்டின் அரெகிப்பா நகரில், ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்ப்பது அவள் வேலை. எந்த டிஸ்க் எப்போது சாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். இதுவரை தப்பியதில்லை.

நவம்பரில் விஷவாயு தாக்கி ஏழு பேர் சுரங்கத்துக்குள் செத்தார்கள். வாயு ஏறியது தெரிந்தே அவர்களை உள்ளே அனுப்பினார்களா என்பதற்கு அன்றைய வாயுப் பதிவுகள்தான் ஒரே சாட்சி. அவை பதினோராம் கணினியில் இருப்பதாகச் சுரங்க நிர்வாகம் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தது.

மதியம் ஃபோர்த்துனாத்தா போன் செய்தாள். ஏழு பேரில் ஒருவனின் மனைவி. அவள் மகளுக்கு ஞானத்தாய் எடெல்மிராதான்; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றே அழைப்பார்கள்.

"கொமாத்ரே, அந்த மிஷின் உசிரோட இருக்கா?"

"இருக்கு கொமாத்ரே."

"திங்கக்கிழமை ஜட்ஜு கேப்பாராம். அதுவரைக்கும் தாங்குமா?"

"நான் விட மாட்டேன். நீ தைரியமா இரு."

வியாழக்கிழமை காலை பதினோராம் டிஸ்க் செத்துப்போனது. எடெல்மிரா மேஜையிலேயே தலை கவிழ்ந்து அழுதாள்.

"உன்மேல என்னம்மா தப்பு?" என்றார் பர்ரான்தெஸ். "நீதான் படிச்சுப் படிச்சு சொன்னியே! சுரங்கத்தோட லிமா ஆபீஸ்ல உன் அறிக்கையைப் புகழ்ந்து தள்றாங்க. சொன்னா சொன்ன வாரம் சாகுதாம்!"

கைபேசியில் ஃபோர்த்துனாத்தாவின் பெயர் மின்னி மின்னி அடங்கியது. எடுக்க எடெல்மிராவுக்குக் கை வரவில்லை. வேறெங்காவது ஒரு பிரதி இருக்காதா என்ற நப்பாசையில், சுரங்கத்துக் கணினிகளில் கோப்புகள் இடம் மாறுவதைக் குறிக்கும் பதிவேட்டைத் திறந்து நாள்நாளாகப் பின்னோக்கிப் போனாள்.

பிரதி இருக்கத்தான் செய்தது, எல்லாவற்றிலும் நல்ல டிஸ்க்கான மூன்றாம் எண்ணில், ஐந்து வாரம் முன்புவரை.

'பதினொன்று ஆறு வாரம்கூடத் தாங்காது' என்று அவள் முதல் அறிக்கை அனுப்பிய மறுநாள் காலையில்தான், வாயுப் பதிவுகளைப் பதினொன்றுக்கு மாற்றிவிட்டு, மூன்றில் இருந்ததை அழித்திருந்தார்கள்.