இடது ஓரம்

டிவி நீலமாகவே நின்றது.

"ஏம்மா, படம் வருமா, இல்ல நாங்க சோலியப் பாத்துப் போகவா?" என்றார் ஒருவர். சமுதாயக் கூடமே சிரித்தது.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அரசாங்கம் ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்த குண்டு டிவி அது. மஞ்சள் பின் குத்துகிற ஓட்டையை விட்டால் வேறு வழியில்லை. அருப்புக்கோட்டையில் கண்காணிப்புக் கேமரா கடை வைத்த பாவத்துக்கு, லேப்டாப் படத்தை டிவி படமாக மாற்றித் தரும் பழைய டப்பா ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, இந்த வெயிலில் திருச்சுழி தாண்டி வந்திருக்கிறேன்.

லேப்டாப்பிலேயே பாருங்களேன் என்றேன். மேலத்தெருவும் ஒப்பவில்லை, கீழத்தெருவும் ஒப்பவில்லை. ஒருவர் பார்த்து இன்னொருவருக்குச் சொல்கிற கதையே வேண்டாமாம். எல்லாரும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமாம்.

கோவிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை முந்தாநாள் ராத்திரி யாரோ தூக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் கோவில் பக்கம் நின்றது கீழத்தெரு முகேஷின் பைக். எதற்குப் போனாய் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். இப்போதும் தூணை ஒட்டி நிற்கிறான், உதடு கிழிந்து.

அந்த உதடு மேலத்தெரு இருளப்பசாமியின் கைவேலை. கோவில் பொறுப்பு அவருடையது. பேசுவதற்கு முன்னால் கை நீட்டுகிற ஆள் என்று ஆட்டோக்காரர் வரும்போதே சொல்லியிருந்தார். இருளப்பசாமி முன்வரிசை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் கோவிலில் மாட்டிய கேமரா எதையும் காட்டவில்லையென்றால் பையன் கதை முடிந்தது.

டப்பாவின் பின்னால் இருந்த சின்ன சுவிட்சைத் தள்ளினேன். டிவியில் படம் ஒரு தரம் உருண்டு நின்றது. ஆனால் இந்த மாதிரி டிவி ஓரத்தை விழுங்கிவிடும். லேப்டாப்பில் இடது ஓரம் இருந்த ஃபைல் பெயர்கள் டிவியில் பாதிதான் தெரிந்தன. டப்பாவின் அம்புக்குறி பட்டனை அமுக்கி அமுக்கிப் படத்தை வலப்பக்கம் நகர்த்தினேன். இப்போது எல்லாம் தெரிந்தது. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

"இருங்க, அந்த எடத்தத் தேடி எடுத்துக்கிட்டுப் போடுறேன்" என்று மஞ்சள் பின்னை உருவிவிட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி ஓட்டினேன்.

கிடைத்தது. கோவில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ. யாரோ இரண்டு பேர் கிடாவைத் தூக்கி ஏற்றுகிறார்கள். வண்டி நம்பர் பளிச்சென்று தெரிந்தது. படத்தை அங்கேயே நிறுத்தினேன்.

அப்பாடா, பையன் தப்பித்தான்.

அப்புறம்தான் இடது ஓரத்தைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரோடு ஒட்டி, வண்டிக்காரர்கள் கண்ணில் படாமல் ஒளிந்து நிற்கிறான் முகேஷ். அவன் கையைப் பிடித்தபடி ஒரு பெண். காலையில் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்த பெண். இருளப்பசாமியின் மகள் தங்கலட்சுமி.

அடப்பாவி, இதற்காகவா அடி வாங்கினாய்?

நிமிர்ந்தேன். தூணருகே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காட்டாதே என்று தலையை மெல்ல ஆட்டினான்.

போடாவிட்டால் இவன் திருடன். போட்டால் இரண்டு பேரையும் உயிரோடு விடுவார்களா?

"இன்னுமா தேடுற?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"வருது, வருது. பறக்காதீக!" என்று கத்தினேன்.

மஞ்சள் பின் இன்னும் வெளியேதான் கிடந்தது. டப்பாவின் மறுபக்க அம்புக்குறியை அமுக்கினேன். முன்பு வலப்பக்கம் நகர்த்தியதற்கும் மேலே, குத்துமதிப்பாக, இடப்பக்கம் தள்ளினேன். விழுங்கு சாமி, விழுங்கு என்று அந்தக் குண்டு டிவியைக் கும்பிடாத குறை.

பின்னைக் குத்தினேன்.

கூடமே எழுந்து நின்றது. லோடு ஆட்டோ, கிடா, நம்பர். வலப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது, அதை யாரும் சட்டை செய்யவில்லை. வெளியூர் வண்டி, வெளியூர் வண்டி என்று ஒரே கூச்சல். யாரோ முகேஷின் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

டிவியின் இடது ஓரத்தில், அடியில், வெள்ளையாக ஏதோ ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

பட்டனுக்குப் போன என் விரல் நின்றுவிட்டது. முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

என் தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்.

இருளப்பசாமி. என் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் முழுப் படமும் அப்படியே இருந்தது. எப்போது எழுந்து வந்தாரோ தெரியவில்லை. மூடுவதற்குக்கூட எனக்குக் கை வரவில்லை. செத்தோம் என்று நினைத்தேன்.

அவர் தலையைத் தூக்கி முகேஷின் உதட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளும்மா. எம் பிள்ளை செருப்பு தெரியுது."