எதிர்ச்சுவர்

எழுபத்தெட்டில், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கல்லூரி அலுவலகத்தைப் புதுப்பித்தோம். முட்டை வெள்ளைக்கரு குழைத்த சுண்ணாம்பைப் பூசி, முகம் தெரியும்வரை கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். ஒரு சுவர் எனக்கு, எதிர்ச்சுவர் கூட வேலைசெய்த கொத்தனார் உத்திராபதிக்கு. இருவருக்கும் கலவை சுமந்தவள் என் மனைவி அமலராணி.

"உத்திராபதி அண்ணன் செவுத்தப் பாத்தீங்களா? கண்ணாடி தோத்துடும்" என்றாள்.

அண்ணன் என்றுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளோடு அவன் சுவர்முன் போய் நின்றேன். சுவருக்குள் அவளும் உத்திராபதியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். என்னருகே அவள் சிரிக்காமல் நின்றாள்.

மாலைவரை என் சுவரைத் தேய்த்தேன். அதுவும் பளபளத்தது. "இங்க வாடி" என்று அவள் கையைப் பிடித்திழுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன்.

சுவரில் நான் மட்டும், வெறுங்காற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.