சிடுமூஞ்சி மிதித்த சுவிட்ச்

"வேணும்னேதாண்டா மிதிச்சாரு! என் கண்ணால பார்த்தேன்!"

லேப் வாசல்ல நின்னு அக்கா கத்தின கத்துல, அடுத்து வைவாங்கிற வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த கும்பலுக்குப் பாதி பயம் தெளிஞ்சு போச்சு. அடுத்தவங்க கஷ்டத்துல அப்படி ஒரு ஆறுதல் பாவிங்களுக்கு.

அக்கான்னா கூடப் பிறந்தவங்க இல்ல. எங்க முதுகலை வகுப்புல, கல்யாணமாகி, குழந்தை பெத்து, வேலையையும் விட்டுட்டு வந்து படிக்கிற ஒரே ஆள். அதனால எல்லாருக்கும் அக்கா. எனக்குக் கூடுதலா ப்ராஜெக்ட் கூட்டாளி.

மிதிச்சவர், எங்களுக்கு அட்வான்ஸ்டு டேட்டாபேஸ் எடுக்கிற வாத்தியார். செல்லப் பேரு சிடுமூஞ்சி. மனுஷன் சிரிச்சு அவர் வீட்டுக் கண்ணாடிகூடப் பார்த்திருக்காது.

இந்தப் பாடத்துல அக்கா ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போச்சுன்னா பட்டம் கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். ஒரு ஆஸ்பத்திரியோட நோயாளிங்க விவரத்தை எல்லாம் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸை நாங்களே எழுதியிருந்தோம். இந்தச் சமாச்சாரத்துல ஒரு சட்டம் உண்டு. எதை அழிச்சாலும் மாத்தினாலும், கடைசியா 'கமிட்'னு அடிச்சாத்தான் அது நிலைக்கும். அதுக்கு முன்னாடி கரண்ட் போனா, திரும்பி வரும்போது எல்லாம் பழையபடி இருக்கணும். அந்தப் பகுதியை எழுதினது அக்கா. குழந்தையைத் தூங்க வெச்சுட்டு, மாசக்கணக்கா உயிரை விட்டு எழுதினாங்க.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குப் போறாருன்னு வெச்சுக்கங்க. அவர் ஒருத்தர் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துக் காட்டுங்க"ன்னு சொல்லிட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சார்.

நான் கண்ணை மூடி, தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அக்கா அவசர அவசரமா அழிக்கிற கட்டளையை அடிச்சாங்க. கமிட் அடிக்க விரலைக் கொண்டு போனாங்க.

பக்கத்துல நின்ன சிடுமூஞ்சி காலை நீட்டினார். தரையில கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல நச்சுன்னு ஒரு மிதி. கம்ப்யூட்டர் பொசுக்குனு அணைஞ்சு போச்சு.

"அடடா, கால் பட்டுடுச்சு"ன்னார். முகத்துல கடுகளவு வருத்தம் இல்ல.

மறுபடி போட்டோம். நோயாளிங்க எல்லாரும் அவங்கவங்க படுக்கையில பத்திரமா இருந்தாங்க. தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எட்டிப் பார்த்தார்.

"சரி, போதும். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

முடிஞ்சு போச்சு எங்க வைவா.

"இன்னும் ஒரே ஒரு அடிடா! அதைக்கூட அடிக்க விடலையே அந்த ஆளு. வீட்டுக்காரர் வேற போன் மேல போன் பண்றார். என்னன்னு சொல்லுவேன்?"

சொல்லும்போதே அக்கா அழுதுட்டாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது.

"கண்ணைத் துடைங்கக்கா. ஹெச்.ஓ.டி. மேடம்கிட்டயே போவோம். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்."

மேடம் முழுசாக் கேட்டாங்க. ஆளனுப்பி சிடுமூஞ்சியை வரவழைச்சாங்க.

"சார், இவங்க வைவாவுல வேணும்னே சுவிட்சை மிதிச்சீங்களாமே?"

இல்லவே இல்லன்னு சாதிப்பார், மடக்கிடலாம்னு நான் நாலு கேள்வி தயார் பண்ணி வெச்சிருந்தேன்.

"ஆமா மேடம்."

எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுது.

"ஏன் சார்?"

சிடுமூஞ்சி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "சும்மாதான்."

"சும்மாவா? விளையாடறதுக்கு நீங்க என்ன பச்சக் குழந்தையா? ஒரு பொண்ணோட படிப்பு சார் இது!"

மேடம் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவ்வளவையும் கேட்டுக்கிட்டார். எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் மேடம் தேர்வாளருக்கு போன் போட்டாங்க. "சார், அந்த ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட்... நடுவுல கரண்ட் போச்சே... அவங்களுக்கு இன்னொரு தடவை வைவா வெச்சுடலாமா?"

மறுமுனையில என்ன சொன்னாரோ, மேடம் முகம் மலர்ந்துச்சு. போனை வெச்சாங்க.

"மறுபடி எதுக்குன்னு கேக்கறார். கரண்ட் போயும் ஒரு தகவல்கூடத் தொலையலையாம். அது ஒண்ணே போதும்னு மார்க் போட்டுட்டாராம். நீங்க பாஸ்!"

அக்கா என் கையைப் பிடிச்சுக் குலுக்கின குலுக்குல தோள்பட்டை கழண்டிருக்கும். நாங்களும் பாஸ், சிடுமூஞ்சிக்கும் டோஸ். ஒரே நாள்ல மனுஷன் எவ்வளவு சந்தோஷத்தைத்தான் தாங்குவான்?

வெளியில வராண்டாவுல, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு அவர் முன்னால போய்க்கிட்டிருந்தார். பாஸான தைரியத்துல அக்கா விடுவிடுன்னு போய் வழியை மறிச்சாங்க.

"ஏன் சார், அப்படி என்ன சார் என் மேல கோபம் உங்களுக்கு?"

அவர் முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துக்கிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு நோயாளியை எடுன்னா, யாரைன்னே சொல்லாம மொட்டையா 'அழி'ன்னு அடிச்சுட்டியேம்மா. கமிட் அடிச்சிருந்தா மொத்த ஆஸ்பத்திரியும் காலி. அந்த மனுஷன் கண்ணாடியை மாட்டறதுக்குள்ள, வாயால சொல்ல முடியாததைக் காலால சொன்னேன்."