கூடத்தில் ஒரு விண்கலம்

வரலாறு கைவேலையைப் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டிய அறிவிப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு வெளியானது: தரக்கட்டுப்பாட்டு மேலாளர், தம் கையாலேயே ஒரு வீடியோ கேம் பெட்டியைச் செய்து முடித்துவிட்டார்.

"ஓடலைன்னா பெட்டி மாடிக்குப் போயிடணும். கூடத்துல என் தையல் மிஷின் வரும்," என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். சாட்சிக்குத் தன் தம்பியையும் வரவழைத்திருந்தாள்.

மேலாளர் சுவிட்சைப் போட்டார். திரையில் விண்கலம் சீறியது. கைப்பிடியை வளைத்து, பொத்தான்களைக் குத்து குத்தென்று குத்தினார். எதிரிகள் பொடிப்பொடியானார்கள்.

"பின்றீங்க மாமா," என்றான் மைத்துனன்.

"தொழில் சுத்தம் மாப்ளே. நீயும் ஆடிப் பாரு."

அவனும் ஆடினான். ஒரு எதிரிகூடத் தப்பவில்லை. "கைப்பிடி வெண்ணெய் மாதிரி வழுக்குது மாமா."

"பின்னே? ஆனா நீ திரும்பும்போது தடுமாறுற. அனுபவம் பத்தாது."

"நானா? உங்களைவிட ரெண்டாயிரம் பாயிண்ட் கூட. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க."

யார் கெட்டிக்காரர் என்று இருவரும் முறைத்துக்கொண்டு நின்றபோது மனைவி டீ கொண்டுவந்தாள். பெட்டியை விட்டு நகர்ந்து ஆளுக்கொரு கோப்பையை வாங்கிக்கொண்டார்கள்.

அவள் திரையையே பார்த்தாள். "இப்ப யாருங்க ஆடுறது?"

விண்கலம் மேலும் ஐந்து பேரைச் சுட்டு வீழ்த்தியது.

"மாடிக்காவது நீங்களே தூக்கிட்டுப் போங்க. அது தானாப் போகாது."

திரையில் ஓடியது, விளையாட்டுக் கடைகளில் வாடிக்கையாளரை இழுப்பதற்காக, யாரும் தொடாமலே ஆட்டம் தானே ஆடிக் காட்டும் மாதிரிப் படம். கைப்பிடிக்கும் பொத்தான்களுக்கும் மேலாளர் ஒயரே கொடுக்கவில்லை.