துணிக்குள் குதிரை

ஊர்க் கத்தோலிக்கக் கோவிலுக்கென்று, குதிரையேறி வரும் புனித சந்தியோகுமையோரை மரமறுக்கும் மெல்லிய வாளால் பலகையில் அறுத்துக்கொண்டிருந்தார் யாகப்பர். சனி பின்னேரம் வேலை முடிந்ததும் அதைப் படுக்கை விரிப்பால் இறுக்கிச் சுற்றினார்.

“இப்பவே கோவிலுக்குக் கொண்டுபோறன்.”

“என்ன அவசரம்?” என்றாள் மனைவி பெற்றிசியா. “தபசுகாலமெல்லே? நாளையில இருந்து எல்லாச் சுரூபத்தையும் ஊதாத் துணியால மூடிப்போடுவினம். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குவுக்குத்தான் திறப்பினம். அதுமட்டும் ஆர் பாக்கிறது?”

“இண்டைக்குத் தாறனெண்டு பங்குச் சுவாமியிட்டச் சொன்னனான்.”

கோவிலில் சுவாமி ஆசையோடு விரிப்பைத் தொட்டார். “மூட முதல் ஒருக்காப் பாப்பமே?”

“வேண்டாம் சுவாமி. பாஸ்குவுக்குச் சனத்தோட சேர்ந்து பாருங்கோ. விரிப்புக்கு மேலயே துணியைப் போடுங்கோ.”

ஞாயிறு பிரசங்கத்தில் சுவாமி அவரைக் கைகாட்டினார். “புகழ் தேடாத மனுசன் எங்கட யாகப்பர்!”

பெற்றிசியா பெருமையில் கண் கலங்கினாள்.

மறுநாள் யாகப்பர் முருங்கன் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப் பலகையோடு வந்து அறுக்கத் தொடங்கினார்.

“இதென்ன, இன்னொரு குதிரை?”

“ஓம். துணி எடுக்க முதல் மாத்திப்போடோணும். அங்க மூடிக்கிடக்கிற குதிரைக்கு மூண்டு கால்தான்.”